குடி பெயர்வோம், குலையாமல்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

இந்த மலருக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் என் வகுப்பு நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "காதலைப் பற்றி எழுது, கணினியைப் பற்றி எழுது, விண்வெளியைப் பற்றி எழுது. வீடு மாற்றுவதைப் பற்றி யாராவது கட்டுரை எழுதுவார்களா?" என்றார். அவர் சொந்த வீட்டுக்காரர். பிறந்த வீட்டிலேயே இன்றும் உறங்கி எழுபவர். அவர் சிரித்ததில் வியப்பில்லை. இருபது வயதுக்குள் ஏழு வீட்டு வாசற்படிகளை மிதித்துவிட்ட எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பூர்வீகம் சிவகங்கைச் சீமை. வானம் பார்த்த பூமி. நான் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது என் தந்தையார் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு சாக்கு மூட்டையுமாகத் திருப்பூருக்கு வந்து சேர்ந்தார். பனியன் கம்பெனியில் அவர் பவர்டேபிள் டெய்லர். அம்மாவுக்குச் செக்கிங் வேலை. அன்று தொடங்கி இன்று வரை ஏழு லைன் வீடுகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படியை ஏறுவதற்குள் நாங்கள் ஏறி இறங்கிய படிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இந்த வகுப்பறைகளில் என்னைப்போல் பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

உலகத்து ஊர்களையெல்லாம் உறவாகக் கண்ட கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம், எங்கள் மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் என்பர். பெருமைக்குரிய செய்தி. ஆயின் அப்புலவர் வாடகைக்கு வீடு தேடியதாக ஒரு செய்தியும் இல்லை. தேடியிருந்தால், "அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள்? எத்தனை பேர் இருக்கிறீர்கள்? நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டுத்தான் அவர் ஏட்டைத் தொட்டிருக்க முடியும்!

சுமைக்கும் அளவுண்டு

வீடு மாறுவது அத்தனை பெரிய துன்பமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1967ஆம் ஆண்டில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ரேஹே என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் இருவர், மனிதனை உலுக்கும் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பெண் வகுத்தனர். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100, திருமணத்துக்கு 50, வீடு மாறுவதற்கு 20. "வெறும் இருபதுதானே!" என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் பள்ளி மாறினால் தனியாக 20. வாழும் சூழ்நிலை மாறினால் தனியாக 25. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இம்மூன்றும் ஒரே நாளில் வந்து சேரும். கூட்டிப் பாருங்கள்: 65. திருமணத்தை விஞ்சிவிட்டது!

திருமணம் என்றால் ஊரே கூடுகிறது. பந்தல் போட ஒருவர், பந்தி பார்க்க ஒருவர், மொய் எழுத ஒருவர். வீடு மாறும் குடும்பத்துக்கு யார் வருகிறார்கள்? லோடு ஏற்ற இரண்டு கூலியாட்கள். வேடிக்கை பார்க்கத் தெருப்பிள்ளைகள். கிழிந்த பாயும் ஒட்டுப்போட்ட குடமும் குட்டி யானை வண்டியில் ஏறும்போது, நம் வறுமை பட்டப்பகலில் ஊர்வலம் போவதுபோல் இருக்கும். அதனாலேயே என் அப்பா எப்போதும் இருட்டிய பிறகுதான் வீடு மாற்றுவார்.

அந்த ஓர் இரவு

நான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாட்கள். வீட்டுக்காரம்மா ஒரு மாலையில் வந்தார். "ஏனுங்க தம்பி, மக குடும்பத்தோட இங்கயே வந்தர்றாளுங்க. பதினஞ்சு நாள்ல காலி பண்ணிக் குடுத்துருங்க சாமி" என்று அப்பாவிடம் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து விடுபவர்தாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு பையன் தேர்வு எழுதுகிறான் என்ற நினைவு அவருக்கும் இல்லை. அதைச் சொல்லித் தவணை கேட்கும் துணிவு எங்களுக்கும் இல்லை.

பதினான்கு நாட்கள் வீடு தேடுவதிலேயே போயின. பதினைந்தாம் நாள் இரவு, அப்பா ஷிப்டு முடிந்து வந்த பிறகு, எட்டு மணிக்கு மூட்டை கட்டத் தொடங்கினோம். கையில் கிடைத்ததைக் கிடைத்த சாக்கில் போட்டோம். புது வீடு சேரும்போது மணி பதினொன்றரை. மறுநாள் காலை எனக்கு வேதியியல் தேர்வு. புத்தகப் பையைத் திறந்தால் ஹால் டிக்கெட்டைக் காணோம்!

பதினொரு சாக்குகளையும் அவிழ்த்துக் கொட்டினோம். அம்மா ஒரு சொல் பேசவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. அப்பா பழைய வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டு மணிக்குத்தான் என் அப்பத்தா அரைத் தூக்கத்தில் எழுந்து, "என்னத்தப்பா தேடுறீக? அந்தப் படம் ஒட்டுன தாளா? தொலஞ்சு போயிரும்னு அரிசி டின்னுக்குள்ள வச்சேன்" என்றார்.

இன்று சொல்லும்போது நகைச்சுவை. அன்று அது நகைச்சுவையாக இல்லை. இன்னொன்றும் அவ்விரவில் நடந்தது. விடியற்காலையில் அப்பத்தா வெளியே போக எழுந்தவர், பழைய வீட்டில் கதவு இருந்த திசையில் நடந்து போய்ச் சுவரில் மோதிக்கொண்டார். நெற்றி புடைத்துவிட்டது. அதன் பிறகு மூன்று மாதம் அந்த வீடு அவருக்குப் பிடிபடவே இல்லை. மாலையானால் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "வீட்டுக்குப் போகலாம்ப்பா" என்பார். ஒருநாள் சொன்னார்: "என்னையும் ஒரு மூட்டை கணக்கா ஏத்திக் கொண்டாந்துட்டீகளேப்பா." பிறகு ஊரில் சித்தப்பா வீட்டுக்கே போய்விட்டார். என் படிப்பை வளர்த்த கிழவி என்னோடு இல்லாமற் போனதற்கு அந்த ஓர் இரவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

என் கருத்து இதுவே

வீடு மாறுவதில் நம்மை வாட்டுவது மூட்டையின் கனம் அன்று. மூன்று தவறுகளே நம்மை வாட்டுகின்றன. ஒரு மாத வேலையை ஒரே இரவில் செய்கிறோம். ஐவர் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிறோம். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். பொருள்களைப் பற்றி யோசிக்கிறோம், மனிதர்களை மறந்துவிடுகிறோம். இம்மூன்றையும் திருத்திக்கொள்ளப் பணம் வேண்டியதில்லை. பட்டறிவிலிருந்தும் பாடப்புத்தகத்திலிருந்தும் நான் கற்ற சிலவற்றை இங்கே வைக்கிறேன்.

1. நாள் பார்ப்போம்

ஆடியும் மார்கழியும் வீடு மாற ஆகாத மாதங்கள் என்பர் பெரியோர். அவர்கள் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. நான் கேட்பது வேறு. பொதுத்தேர்வு நடக்கும் பங்குனியும் ஆகாத மாதம் என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை? பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுக்காரர்கள் பிள்ளைகளின் தேர்வு அட்டவணையையும் ஒருமுறை பார்க்கட்டும். வாடகைக்கு இருப்போரும் தவணை கேட்கக் கூச வேண்டாம். வீடு பேசும்போதே, "காலி செய்யச் சொன்னால் எத்தனை மாதம் முன்னால் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் அன்று கேட்டிருந்தால் ஒருவேளை அந்த அம்மாவே, "பரீட்சை முடியட்டுங்க கண்ணு" என்று சொல்லியிருப்பாரோ என்னவோ!

2. கையோடு ஒரு பை

புது வீட்டுக்குள் முதலில் உப்பு, மஞ்சள், விளக்கு, ஒரு குடம் தண்ணீர் இவற்றைக் கொண்டுபோய்ப் பால் காய்ச்சுவது நம் வழக்கம். சிந்தித்துப் பார்த்தால் முதல் இரவுக்கு என்ன வேண்டும் என்பதன் பட்டியலே இது: வெளிச்சம், தண்ணீர், அடுப்பு, உணவு. நம் பாட்டிமார் இதை என்றோ கண்டுகொண்டார்கள். நாம் அதனோடு இன்னொரு பையைச் சேர்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், ஹால் டிக்கெட், முதியோரின் மருந்து மாத்திரை, ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி. இந்தப் பை வண்டியில் ஏறக்கூடாது. ஒருவர் தோளிலேயே வரவேண்டும். அது யார் தோள் என்பதும் முன்னமே முடிவாக வேண்டும். அரிசி டின்னை நம்பிய குடும்பத்தின் அறிவுரை இது!

3. மூட்டைக்கும் உண்டு இயற்பியல்

நம் பேராசிரியர் கரும்பலகையில் எழுதும் விதிகள் வண்டி மீதும் செல்லும். கனமான பொருள்கள் மேலே இருந்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். வளைவில் வண்டி ஆட்டம் காணும். ஆகவே கிரைண்டர் கல், பீரோ, புத்தகக் கட்டு இவை அடியிலும் ஓட்டுநர் அறைப் பக்கமாகவும் போகட்டும். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்குபவர் இடுப்பு போய்விடும். சிறு சிறு கட்டாகக் கட்ட வேண்டும்.

மோதல் நிகழும் நேரம் நீண்டால் விசை குறையும் என்று படித்தோமே, பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது அதற்காகத்தானே! பாத்திரங்களுக்கு இடையே துணி வைப்பதும் அதே தத்துவம். எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? பனியன் துண்டுகளைச் சுற்றி வைத்தால் கண்ணாடித் தம்ளர்கூட உடையாமல் வந்து சேரும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்துவிட்டால், கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் பழைய இடத்துக்கு இறங்கச் சில மணி நேரம் விட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் ஏறத்தாழ முப்பது கிலோ. ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிற்க வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த கருவி இரண்டு ரூபாய்ச் சுண்ணக்கட்டி. ஒவ்வொரு சாக்கின் மேலும் ஓர் எண். நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ளே இருப்பது என்ன என்ற குறிப்பு. ஆய்வக ரெக்கார்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? வேண்டாத பொருளை இங்கேயே கழித்துவிடுவதும் நலம். ஆறு வீடு சுமந்த ஓட்டை வாளி ஒன்று எங்களிடம் இருந்தது!

4. காசும் காகிதமும்

ஏழை வீட்டில் மன அமைதியைக் கெடுப்பது பெரும்பாலும் முன்பணம்தான். காலி செய்யும் நாளில், "சுவரில் ஆணி அடித்தாய், வெள்ளையடிக்க வேண்டும்" என்று ஒரு மாத வாடகை பிடிபடும். வாக்குவாதம் வரும். இதைத் தவிர்க்க வழி உண்டு. குடி புகும் நாளிலேயே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின் அளவியின் எண்ணையும் புகும் நாளிலும் வெளியேறும் நாளிலும் படம் எடுங்கள். படம் சண்டை போடாது. உண்மையை மட்டும் சொல்லும்.

வீட்டு வாடகைக்கென நம் மாநிலத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். லைன் வீடுகளில் இதை அறிந்தவர் எத்தனை பேர்? படித்த பிள்ளைகள் நாம்தாம் நம் தெருவில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கையை மறுக்கக் கூடாது. குடும்ப அட்டைக்கு வேறு கடையிலும் பொருள் வாங்கும் வழி 2020 அக்டோபரில் நம் மாநிலத்துக்கு வந்தது. ஆகவே முகவரி மாறும்வரை அரிசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. பதினெட்டு வயது நிறைந்த நாம் இதில் அசட்டையாக இருக்கலாமா? வீடு மாறும்போது வாக்குரிமையைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வருவோர் எத்தனையோ பேர்!

5. மனிதர் முதலில்

கோவலனும் கண்ணகியும் புகாரைவிட்டு விடியுமுன் எவருக்கும் சொல்லாமல் புறப்பட்டார்கள். கையில் இருந்த சொத்து காற்சிலம்பு. எவ்வளவு இலேசான மூட்டை! ஆனால் மனம் எவ்வளவு கனத்திருக்கும்! வழியில் கவுந்தியடிகள் துணை வந்தார்; மதுரையில் மாதரி அடைக்கலம் தந்தாள். ஊர் மாறுவோர்க்கு வேண்டியது துணையும் ஒரு நல்ல அண்டைவீடும் என்பதை இளங்கோவடிகள் அன்றே காட்டிவிட்டார்.

புதிதாகக் குடி வருவோர் வீட்டுக்கு முதல் நாள் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். "நல்ல தண்ணி என்றைக்கு வரும், உப்புத் தண்ணி எப்போது வரும், மளிகைக் கடை எங்கே" என்று சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத நிம்மதி அதில் கிடைக்கும். நான்காம் வீட்டில் எங்களுக்கு அப்படி ஒரு அக்கா வாய்த்தார். அவர் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

ஆனால் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வியையும் நான் மறக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு, "வீடு பேசியாகிவிட்டது" என்று கதவைச் சாத்தியவர்களையும் மறக்கவில்லை. நாளை நமக்குச் சொந்த வீடு வரும். நம்மிடமும் ஒரு குடும்பம் வந்து வீடு கேட்கும். அன்று நாம் அக்கேள்வியைக் கேட்கமாட்டோம் என்று இன்று உறுதி எடுத்துக்கொண்டால், இந்தப் பட்டத்துக்கு ஒரு பொருள் உண்டு.

"மூட்டை கட்டி ஏற்றித் தர நிறுவனங்கள் இருக்கின்றனவே, பணம் கொடுத்தால் முடிந்துவிடாதா?" என்று கேட்கலாம். பணம் இருப்போர் கொடுக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்த நிறுவனம் பீரோவை இறக்கி வைக்கும். பாட்டியின் பயத்தை இறக்கி வைக்காது. வீட்டில் உள்ள எல்லோரையும் முன்னதாக ஒருமுறை புது வீட்டுக்கு அழைத்துப்போவதும், பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வேலை கொடுப்பதும், முதியவரின் கட்டிலை எல்லாவற்றுக்கும் முன்பாகப் போட்டுக் கொடுப்பதும் நாம் செய்ய வேண்டியவை.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணிக்கும் ஒரு விண்ணப்பம். மரம் நடுகிறோம், குளம் தூர்வாருகிறோம். வீடு மாறும் மாணவர் குடும்பம் ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் போய் நின்றால் என்ன? இரண்டு மணி நேர வேலை. அந்தத் தாய் ஆயுள் முழுதும் வாழ்த்துவாள்.

முடிவாக

வருகிற வைகாசியில் எங்களுக்கு எட்டாவது வீடு. தேர்வுகள் முடிந்த பிறகுதான் நாள் குறித்திருக்கிறோம். சென்ற மாதம் ஊருக்குப் போய் அப்பத்தாவை அழைத்து வந்தோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அவர் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பா முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே ஆட்டோ பிடித்தார். அப்பத்தா மெள்ள நடந்து சுவரைத் தடவிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். இரவில் எழுந்தால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டார். பிறகு, "கட்டில இந்தச் செவத்தோரமாப் போடுப்பா. கதவு எடது கைப் பக்கம் வரும். எனக்குத் தெரிஞ்சிரும்" என்றார்.

வைகாசியில் அவர் எங்களோடு வருகிறார். பால் காய்ச்சப் போவதும் அவர்தான். அப்பாவும் இந்த முறை பகலிலேயே வண்டி சொல்லியிருக்கிறார்.

தோழர்களே, வீடு மாறுவது நம்மில் பலருக்குத் தவிர்க்க முடியாதது. பொருள் உடைந்தால் வாங்கிக்கொள்ளலாம். மனம் உடையாமல் பார்த்துக்கொள்வோம். குடி பெயர்வோம், குலையாமல் பெயர்வோம்!